பச்சை என்று சொன்னவர்

பாப்பா வீட்டில் போன மாதம் இரண்டு நல்ல செய்திகள் ஒரே நாளில் வந்து புருஷனும் பெண்டாட்டியும் தலைகால் புரியாமல் நின்றார்கள் அல்லவா? நாடகக் கொட்டகையில் பாப்பாவை ஸ்டீல் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ரயில் என்ஜின் ஓட்டும் அவள் கணவருக்குச் சரக்கு வண்டியிலிருந்து பயணிகள் விரைவு வண்டிக்கு மாற்றல். இரண்டுக்கும் இன்றுதான் நாள். காலையில் அவளுக்கு ஒத்திகை, சாயங்காலம் அவருக்கு வண்டி.

பாப்பா என்றதும் யாரோ சின்னப் பெண் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துவிட வேண்டாம். நாற்பதை எட்டிப் பார்க்கிற பெண்மணி. தொட்டிலில் போட்டபோது கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டிய கணவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

விடிந்தும் விடியாததுமாக அவள் கூடத்தில் உட்கார்ந்து, ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு, ஒரு கைக்குட்டையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்த வாத்தியத்தில் கம்பியை விரலால் அழுத்துகிற வேலையே கிடையாது. இடது கையில் வழவழவென்று ஓர் எஃகு உருளை. அதைக் கம்பிகளின் மேல் வைத்து வழுக்கிக்கொண்டே போய், ஸ்வரம் இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை முன்னே பின்னே போனாலும் கேட்கிறவர் முகம் சுளிப்பார். பலகையில் போட்டிருக்கிற கோடுகளைப் பார்த்து நிறுத்துவதுதான் உலக வழக்கம்.

பாப்பாவுக்கு அந்த வசதி இல்லை. நாடகத்தில் ஒரு காட்சியில் கொட்டகை முழுக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். தன் கை தனக்குத் தெரியாத இருட்டு. அந்த இருட்டு முழுவதும் அவள் ஒருத்தியின் கிட்டார்தான். கடைசி ஸ்வரத்தில் வயலின் வந்து சேரும், அப்போது விளக்கு எரியும். காதை மட்டும் நம்பி வாசிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கண்கட்டு.

சரி, கண்ணைக் கட்டிக்கொண்டவளுக்குச் சரியா தப்பா என்று யார் சொல்வது? அதற்கும் வழி பிறந்தது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி ஒரு சின்ன டப்பா செய்து கொடுத்தான். அதில் ஒரே ஒரு விளக்கு. ஸ்வரம் சுத்தமாக இருந்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. என்ஜின்காரர் தினமும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைச் சொல்வார். சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தார் மனிதர்.

“பச்சை,” என்றார்.

உருளை மேலே நகர்ந்து நின்றது.

“சிவப்பு.”

“கூடுதலா, கொறச்சலா?”

“அது உன் தம்பி டப்பாவுக்கே தெரியாது. என்னைக் கேட்டா?”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தோடேயே உருளையைக் கடைசி ஸ்வரத்துக்கு, பலகையின் மேல்கோடி வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பச்சை,” என்றார் அவர் உடனே.

அந்த மேல்கோடி ஸ்வரத்தில் ஆரம்பத்தில் அவளுக்கு ஒரு சின்ன நெருடல் இருந்தது. இன்னும் ஒரு துளி தள்ள வேண்டுமோ என்று காது முணுமுணுத்தது. ஆனால் விளக்கு பச்சை என்கிறபோது காது எதற்கு அதிகப்பிரசங்கித்தனம் செய்ய வேண்டும் என்று அதை அடக்கிவிட்டாள். நாளடைவில் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “பழுத்த தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா, இத்தனையும் காயாப் பொறுக்கிட்டு வந்திருக்கீங்களே. கண்ணை எங்க வெச்சுட்டுப் போனீங்க?”

“கடைக்காரன் தலையில கட்டிட்டான்.”

“எல்லாரும் உங்க தலையிலதான் கட்டுவாங்க. சாயங்காலம் வண்டியில தனியா வேற போறீங்க. கூட ஆளே கிடையாதா?”

“புது என்ஜின். ஒரே ஆள்தான் ஓட்டணும். பேச்சுத் துணைக்கு நானே எனக்கு.”

சரக்கு வண்டியில் அவருக்கு உதவியாளர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் அவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், இவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது விதி. அந்தப் பழக்கத்தில் இவர் தூக்கத்தில்கூட “பச்சை, பச்சை” என்று புலம்புவதாகப் பாப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

“நல்லா வாசி,” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். கிட்டார் பெட்டிக்குள் தம்பியின் டப்பாவையும் போட்டுக்கொண்டு பாப்பா கிளம்பினாள்.

கொட்டகையில் மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்களுக்கு என்று ஒரு பள்ளம். நடிகர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். பள்ளத்தில் பாப்பாவும் வயலின்காரம்மாவும் மட்டும். அந்த அம்மாள் வைத்ததுதான் அங்கே சட்டம். வணக்கம் சொன்னால்கூட எந்தச் சுருதியில் சொல்கிறீர்கள் என்று பார்க்கிற ரகம்.

“இன்னைக்குச் சரியா வந்தா உங்களுக்கு இங்க நிரந்தரமா ஒரு நாற்காலி. விளக்கை அணைக்கச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்கம்மா.”

இருட்டு வந்து மூடியது. பாப்பாவுக்கு அது பழகிய இருட்டுதான். கை தன்னால் நகர்ந்தது. கீழ் ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன, நடு ஸ்வரங்கள் நின்று நிதானமாகப் பேசின. அவளுக்கே அவள் வாசிப்பு பிடித்துப்போயிற்று. கடைசியாக உருளை மேல்கோடிக்கு ஏறி, பழகிய இடத்தில் நின்றது. அந்த ஸ்வரத்தில் வயலின் வந்து சேர்ந்தது.

சேரவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று உரசிக் கரகரவென்று அதிர்ந்தன. பாப்பாவுக்கு உடம்பே கூசிவிட்டது.

விளக்கு எரிந்தது. வயலின்காரம்மா வில்லைத் தாழ்த்தினாள். “நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு. நான் இல்லை. இன்னொரு தடவை.”

இன்னொரு தடவையும் அப்படியே. அடுத்த தடவையும் அதே இடம், அதே உரசல். பாப்பா உருளையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

வயலின்காரம்மா திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டவில்லை. அவள் பாப்பாவை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

“தடுமாறி வாசிக்கிறவங்க கை ஒரு தடவை கூடப் போகும், ஒரு தடவை குறையப் போகும். நீங்க ஒவ்வொரு தடவையும் அச்சடிச்ச மாதிரி ஒரே தப்புக்கு வந்து நிக்கிறீங்க. இதுதான் சரின்னு யாரோ உங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்காங்க. யாரும்மா அது?”

பாப்பாவின் கண் கிட்டார் பெட்டிக்குள் கிடந்த டப்பாவுக்குப் போயிற்று.

“நாளைக்குக் காலையில வாங்க. அப்பவும் இதே தப்புன்னா நான் வேற ஆள் பார்க்கணும்,” என்று அந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள்.

கொட்டகையிலிருந்து நேரே தம்பி கடைக்குத்தான் வந்தாள். கழற்றிப் போட்ட ரேடியோக்களுக்கு நடுவில் அவன் ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சூட்டுக்கோலை வைத்துவிட்டான்.

“உன் டப்பா பொய் சொல்லுதுடா. என் மானமே போச்சு.”

“என் டப்பாவா? வாய்ப்பே இல்லை. வாசி பாக்கலாம்.”

அவள் கடையின் முக்காலியிலேயே உட்கார்ந்து, இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, கோட்டுக்கு நேராக உருளையை வைத்து வாசித்தாள். விளக்கு பச்சையாக எரிந்தது. பிறகு கண்ணை மூடி, கொட்டகையில் வாசித்தது போலவே வாசித்து, கண்ணைத் திறந்து பார்த்தாள்.

சிவப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லாத, ரத்தச் சிவப்பு.

மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் சிவப்பு.

“டப்பா சரியாத்தான் இருக்குக்கா,” என்றான் தம்பி.

“அவர் பச்சைன்னு சொன்னாரே. இன்னைக்குக் காலையில கூட.”

தம்பி தலையைச் சொறிந்தான். “மாமா உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பார். அவர் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் பாப்பாவின் மனசு வேறு பக்கம் போயிற்று. கொட்டகை வேலை வந்த அன்று, “ராத்திரி நான் வரும்போது வீடு பூட்டியிருக்கும்னு சொல்லு,” என்று அவர் பாதிச் சிரிப்போடு சொன்னது இப்போது வந்து குத்தியது. இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றேதான் பொய் சொன்னாரா? அவள் தோற்க வேண்டும் என்றா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்ததே இல்லை. வந்ததில் அவளுக்கே அதிர்ச்சி.

வீட்டுக்கு வந்தபோது என்ஜின்காரர் சீருடையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பை வாசலில் இருந்தது.

“எப்படி இருந்துச்சு? நாற்காலி கிடைச்சுதா?”

பாப்பா கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். டப்பாவை அவர் கையில் திணித்தாள்.

“உக்காருங்க. சொல்லுங்க.”

“இப்பவா? எனக்கு நேரமாச்சு பாப்பா.”

“சொல்லிட்டுப் போங்க.”

கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வேண்டுமென்றே இரண்டு கோடுகளுக்கு நடுவில் உருளையை வைத்து, தெருவில் போகிறவர்கூடக் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஓர் அபஸ்வரம் வாசித்தாள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“என்ன நிறம்?”

“பாப்பா, இந்தப் பக்கம் திரும்பேன்.”

“நிறத்தைச் சொல்லுங்க.”

“...பச்சை.”

அவள் உருளையைக் கோட்டுக்கு நேராக, கச்சிதமாக வைத்தாள். ஒரு குழந்தைக்குக்கூடச் சரி என்று தெரிகிற ஸ்வரம்.

“இது?”

“சிவப்பு,” என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

பாப்பா திரும்பினாள். அவள் திட்டத் தயாராகத்தான் திரும்பினாள். ஆனால் அவர் டப்பாவை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி அந்த விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவர் அப்படிப் பார்க்க மாட்டார். நிஜமாகவே என்ன நிறம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

காலையில் வந்த தக்காளிக் காய்கள் ஞாபகம் வந்தன. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஒரு காலில் ஒரு நிறமும் மறு காலில் வேறு நிறமுமாகக் காலுறை போட்டுக்கொண்டு வந்ததும், அவள் எல்லோர் முன்னாலும் கேலி செய்ததும் ஞாபகம் வந்தன. 

“உங்களுக்குத் தெரியலையா?” என்றாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

அவர் டப்பாவை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“நெஞ்சு சளிக்கு மாசக்கணக்கா மாத்திரை சாப்பிட்டேன்ல. அதுக்கப்புறம்தான். முதல்ல மங்கலா இருந்துச்சு. சரியாயிடும்னு நினைச்சேன். இப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. ஒரு அழுக்கு மஞ்சள் மாதிரி.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா எழுதிடுவார். எழுதினா என்னை என்ஜின்ல ஏத்த மாட்டாங்க. வேலைக்கான கண் பரிசோதனை இதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு.”

“அப்ப இத்தனை நாளா எனக்கு எதைப் பார்த்துச் சொன்னீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “உன் முகத்தைப் பார்த்து. தப்பா வந்தா நீ கீழ் உதட்டைக் கடிப்பே. அப்ப சிவப்புன்னு சொல்வேன். முகம் தெளிவா இருந்தா பச்சை. பெரும்பாலும் சரியாத்தான் இருந்துச்சு. உனக்கு நல்ல காது பாப்பா. நீயே உனக்குச் சொல்லிக்கிட்டதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன்.”

 அந்தக் கடைசி ஸ்வரத்துக்கு வரும்போதெல்லாம் முடியப் போகிறது என்ற நிம்மதியில் அவள் முகம் மலர்ந்திருக்கும். அவர் பச்சை என்றிருப்பார். அவள் காது அடங்கியிருக்கும். காதை நம்பிப் பழகுவதாக நினைத்துக்கொண்டு அவள் நிறம் தெரியாத ஒருவரை நம்பியிருக்கிறாள். அவரோ அவளையே நம்பியிருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத கூத்து.

அடுத்த கணமே அந்தக் கூத்தின் மறுபாதி அவள் மண்டையில் உறைத்தது. 

“வண்டியில?” என்றாள். “வண்டியில எப்படிச் சமாளிச்சீங்க?”

“உதவியாளர்தான் சத்தமாச் சொல்வாரே. நான் திருப்பிச் சொல்வேன்.”

“இன்னைக்கு யார் சொல்வாங்க?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு யாரு சொல்வாங்கன்னு கேக்கறேன்.”

“அந்தத் தடம் எனக்கு மனப்பாடம். எந்தக் கம்பம் எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். விளக்கு மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்தாப் போதும்.”

“மழை பெய்தா? வழியில நடுவுல ஒத்தை விளக்கு மட்டும் இருந்தா? வண்டி நிறைய ஜனங்க இருப்பாங்களே.”  “நான் ஒரு ஸ்வரம் தப்பா வாசிச்சா ஒரு அம்மா முகம் சுளிப்பா, அவ்வளவுதான். நீங்க தப்பாப் பார்த்தா?”

“கத்தாதே பாப்பா.”

“போகாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், போகாதீங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பாப்பா அவர் அழுது பார்த்ததில்லை. “இருபது வயசுல கரி அள்ற கூலியாச் சேர்ந்தேன். இந்த வண்டிக்காகத்தான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். சொல்லிட்டா இனிமே எனக்கு என்ன வேலை குடுப்பாங்க தெரியுமா? உக்கார்ந்து டிக்கெட் கிழிக்கணும்.”

“கிழிங்க. நான் இருக்கேன்ல? நான் சம்பாதிக்கறேன்.”

அவர் மேஜைமேல் இருந்த டப்பாவை ஒரு விரலால் தள்ளிவைத்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “நீ சொல்றதுதான் சரி. நான் நேர்ல போய் அதிகாரிகிட்ட சொல்லிடறேன். போன்ல சொல்ற விஷயம் இல்லை இது. வேற ஆளை ஏத்தணும்னா அவருக்கும் நேரம் வேணும். சொல்லிட்டு உனக்குப் போன் பண்றேன்.”

“சத்தியமா?”

“உன்கிட்ட பொய் சொல்வேனா?” என்றவர், சொல்லிவிட்டுத் தானே கூச்சப்பட்டார். “இனிமே சொல்ல மாட்டேன்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள். பையை எடுத்துக்கொண்டு அவர் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அதிர்ச்சி மெல்ல இறங்க ஆரம்பித்தபோதுதான் பாப்பாவுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் அவர்மேல் கொள்ளைப் பரிதாபமாக இருந்தது. பாவம், எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமந்தாரோ. நல்ல கண் டாக்டராகப் பார்க்க வேண்டும், மாத்திரையால் வந்தது என்றால் வைத்தியமும் இருக்கலாம் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

போன் வரவில்லை. வெயில் சுவரிலிருந்து இறங்கி முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. அவர் கைப்பேசிக்குக் கூப்பிட்டாள், அணைத்து வைத்திருந்தது. என்ஜினில் ஏறுகிறவர்கள் கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்பதும் ஒரு விதி. அது ஞாபகம் வந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

சுவரில் எழுதி வைத்திருந்த அலுவலக எண்ணுக்குப் போட்டாள். அவசரத்தில் ஒரு தடவை தப்பாகப் போயிற்று. மறுபடி போட்டாள்.

“வணக்கம்ங்க. விரைவு வண்டி டிரைவர் வீட்ல இருந்து பேசறேன்.”

“பாப்பாம்மாவா?” அதிகாரியின் குரல் கனிவாக இருந்தது. “நீங்க கூப்பிடுவீங்கன்னு அவர் சொல்லிட்டுத்தான் போனார்.”

பாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.  “சொல்லிட்டாருங்களா?”

“எல்லாம் சொன்னாரும்மா. உங்க ஒத்திகை இன்னைக்குச் சரியா வரலையாமே. மனசு ரொம்பக் கலங்கிப் போயிருக்கா, போன் பண்ணி ஏதாவது சொன்னா பெரிசா எடுத்துக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டார். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை குறைச்சுப் பேசலை. அப்படி ஒரு மனுஷன் கிடைக்கணுமே.”

அவர் எதைச் சொல்லியிருக்கிறார் என்று பாப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.  “அவர் இப்ப எங்க இருக்கார்?”

“எங்க இருப்பார்? என்ஜின்லதான். இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடும்.”

“ஐயா, நான் சொல்றதை நம்புங்க. அவரை இறக்குங்க. அவருக்கு சிக்னல் நிறம் தெரியாது. பச்சையும் சிவப்பும் அவருக்குத் தெரியாது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் அந்த அதிகாரி பேசினார்.

“இதையேதான் சொல்லுவீங்கன்னும் சொல்லிட்டுப் போனாரும்மா.”